ஃப்ரூட் டார்ட் நமத்துப் போகாமல் இருக்க

ராயபுரத்தில் மே மாதம் வெண்ணெயை மேடையில் வைத்துவிட்டு மைதா சலிக்கத் திரும்பினால் போதும், அதற்குள் ஓரம் இளகிவிடும். ஃப்ரூட் டார்ட்டில், அதாவது சுட்ட மாவுக் கிண்ணத்தில் கிரீமும் பழமும் நிரப்பும் இனிப்பில், முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. 200 கிராம் மைதா, 60 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய். வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு துண்டு போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசறுங்கள். புட்டு மாவு பதம் வந்ததும் ஒரு மஞ்சள் கருவும் ஒரு ஸ்பூன் ஐஸ் தண்ணீரும் விட்டுத் திரட்டினால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் இழுவை ஏறி, வேகும்போது ஷெல் (அந்த மாவுக் கிண்ணம்) சுருங்கும். கடிக்கவும் விறைப்பாக இருக்கும்.

திரட்டிய மாவு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். பிறகு டார்ட் அச்சில் விரித்து, முள்கரண்டியால் குத்தி, பட்டர் பேப்பர் மேல் காய்ந்த கொண்டைக்கடலையைக் கொட்டி ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம், பொன்னிறம் வரும்வரை.

அதிகம் பேர் கோட்டை விடுவது கிரீமில். என் தங்கை மகன் பிறந்தநாளுக்குச் செய்தபோது, முட்டை திரிந்துவிடுமோ என்ற பயத்தில் லேசாகக் கெட்டியானதுமே இறக்கிவிட்டேன். மறுநாள் காலை திறந்தால் மோர் மாதிரி ஓடியது. குழந்தை கேட்டு வாங்கிய இனிப்பு அது, மனசே ஆறவில்லை. மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது கார்ன்ஃப்ளாரின் மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும். அதனால் அரை லிட்டர் பால் (ஆவின் ஆரஞ்சு பாக்கெட் நல்லது, 6 சதவீதக் கொழுப்பு), 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார் என்று எடுத்தால், சூடான பாலைக் கரண்டி கரண்டியாகக் கருக் கலவையில் விட்டு, திரும்ப அடுப்பேற்றி, 'தொப் தொப்' என்று குமிழி வெடிக்க ஆரம்பித்த பிறகும் ஒரு முழு நிமிடம் கை விடாமல் கிளறுங்கள். கார்ன்ஃப்ளார் இருப்பதால் திரியாது, பயப்பட வேண்டாம். ஆறும்போது தட்டுப் போட்டு மூடாதீர்கள். ஆவி நீராகிச் சொட்டும். கிரீமைத் தொட்டபடி கிளிங் ஃபிலிம் ஒட்டுங்கள், ஆடை படியாது.

கல்மண்டபம் மார்க்கெட்டில் பழம் வாங்கும்போது கைக்கு அழுத்தமான பங்கனபள்ளி, திராட்சை, மாதுளை பார்த்து எடுங்கள். தர்பூசணி வேண்டவே வேண்டாம், தண்ணீர் விடும். வேகவைக்காத அன்னாசி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். சர்க்கரைப் பாகில் 5 நிமிடம் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும். எந்தப் பழமானாலும் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள்.

ஷெல் ஆறியதும் உள்பக்கம் உருக்கிய ஒயிட் சாக்லேட்டை பிரஷால் மெல்லத் தடவினால் கிரீமின் ஈரம் இறங்காது. என்னைக் கேட்டால் இதை மட்டும் விடவே கூடாது. கடல்காற்றில் பிஸ்கட்டே நமத்துப்போகும் வீடுகள் நம்முடையவை. விருந்தாளிகள் ஏழு மணிக்கு என்றால், ஷெல்லைக் காலையில் சுட்டு ஆறியதும் டப்பாவில் மூடிவிடுங்கள். கிரீமை மதியமே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் ஒன்றுசேர்த்தால் போதும்.