குழாயை மூடினால் தொட்டி காலியாகுமா? போன் லொகேஷன் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

திரையை மேலிருந்து கீழே இழுத்து, லொகேஷன் பட்டனை ஒரு தட்டு தட்டி அணைத்துவிட்டு, "சரி, இனிமேல் நான் எங்கே போகிறேன் என்று யாருக்கும் தெரியாது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தத் தட்டு செய்வது ஒன்றே ஒன்றுதான்: இனிமேல் போன் தன் இருப்பிடத்தைக் கணித்து ஆப்களுக்குச் சொல்வதை நிறுத்துகிறது. நேற்று வரை சேர்ந்தது அப்படியே கிடக்கும். குழாயை மூடினால் தண்ணீர் வரத்து நிற்கும், தொட்டியில் ஏற்கெனவே நிரம்பியது எங்கே போகும்?

போதாததற்கு, தொட்டி ஒன்றல்ல. போனுக்குள் ஒன்று, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் ஒன்று, நாம் அனுமதி கொடுத்த ஆப்களின் சர்வர்களில் சில, சிம் கொடுத்த நிறுவனத்திடம் ஒன்று. ஒன்றைக் காலி செய்தால் மற்றவை தானாகக் காலியாகாது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்தே வருகின்றன.

டைம்லைனை அழித்தால் போதும் என்ற நினைப்பு

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கூகுள் மேப்ஸில் உள்ள டைம்லைன். முன்பு இதற்கு லொகேஷன் ஹிஸ்டரி என்று பெயர். மேப்ஸைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டினால் 'யுவர் டைம்லைன்' வரும். அது ஆன் ஆகி இருந்தால், எந்த நாளில் எந்தக் கடைக்குப் போனீர்கள், அங்கே எத்தனை நிமிடம் நின்றீர்கள், நடந்து போனீர்களா பைக்கிலா என்பது வரை கிடைக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

முன்பெல்லாம் இது கூகுளின் சர்வரில் இருந்தது. கணினியிலும் பார்க்கலாம், அழிக்கலாம். 2023 டிசம்பரில் கூகுள் இதை மாற்றப்போவதாக அறிவித்தது. இப்போது டைம்லைன் அந்தந்தப் போனுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் பழைய பழக்கத்தோடு அழிக்கப் போனால் இரண்டு இடங்களில் தவறு நடக்கும்.

ஒன்று, உங்களிடம் இரண்டு போன் இருந்தால், ஒன்றில் அழித்தது மற்றொன்றில் அழியாது. டிராயரில் கிடக்கும் பழைய போனிலும் தனியாகப் போய் அழிக்க வேண்டும். இரண்டு, பேக்கப். டைம்லைன் பக்கத்தின் மேலே சிறிய மேகம் போல ஒரு படம் இருக்கும். அதைத் தட்டினால் பேக்கப் ஆன் ஆகியிருக்கிறதா, எந்தெந்தப் போனின் பேக்கப் கிடக்கிறது என்று தெரியும். பேக்கப்பைத் தனியாக நீக்காமல் விட்டால், அது கூகுள் கணக்கில் அப்படியே இருக்கும். வேறு யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கித்தான் வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் அழிக்க வந்தவர் அரைகுறையாக அழித்துவிட்டுப் போவானேன்?

தினமும் அழிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மூன்று மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தானாக அழியும் வசதி உண்டு. மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். போன மாதம் எந்த ஊரில் எந்த ஹோட்டலில் சாப்பிட்டோம் என்று தேடுவதற்கு அதுவே தாராளம்.

இன்னொரு கதவு

டைம்லைனையும் அணைத்து அழித்தாயிற்று. கூகுளைப் பொறுத்தவரை வேலை முடிந்ததா? இல்லை. 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை வெளிக்கொண்டு வந்தது. லொகேஷன் ஹிஸ்டரியை நிறுத்தி வைத்த பிறகும் மேப்ஸைத் திறந்தால், வானிலை ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டால், சாதாரணமாக எதையாவது தேடினால்கூட இருப்பிடம் பதிவானது. காரணம், 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற வேறொரு அமைப்பு. பெயரைப் பார்த்தால் இருப்பிடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்காவது தோன்றுமா? அந்த விவகாரத்தில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் கூகுள் சமரசம் செய்துகொண்டு 39 கோடியே 15 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இப்போது இந்த அமைப்பில் துல்லியமான புள்ளிக்குப் பதில் தோராயமான பகுதியைத்தான் வைக்கிறோம் என்கிறது கூகுள். இருக்கட்டும். ஆனால் நீங்கள் மேப்ஸில் தட்டச்சு செய்த முகவரிகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட மருத்துவமனைக்கு நான்கு வாரமாக வழி கேட்டிருந்தால், உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஜிபிஎஸ் எதற்கு? கூகுள் கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி' பக்கத்துக்குப் போய் இதையும் அணைத்து, பழையதை அழித்து, தானாக அழியும் காலத்தையும் குறைத்து வையுங்கள். மேப்ஸில் 'ஹோம்', 'வொர்க்' என்று குறித்து வைத்த முகவரிகள் இதிலும் சேராது. அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.

மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் மாறும், அப்டேட்டுக்கு அப்டேட் இடமும் மாறும். தேடி அலையாமல், செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'லொகேஷன்' என்று அடித்துப் பார்ப்பது நல்லது.

'ஐபோன்தானே, கவலை இல்லை'

2011 ஏப்ரலில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஐபோன் ஒரு வருடம் வரையிலான இருப்பிடக் குறிப்புகளைச் சங்கேதம் எதுவும் இல்லாத ஒரு கோப்பில் வைத்திருப்பதைக் காட்டினார்கள். அதன்பிறகு ஆப்பிள் நிறையவே மாறிவிட்டது. இன்றைய ஐபோனில் 'சிக்னிஃபிகன்ட் லொகேஷன்ஸ்' என்று ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கடி போகும் இடங்களை அது கற்றுக்கொள்ளும். அது சங்கேதமாக்கப்பட்டது, எங்களாலேயே படிக்க முடியாது என்கிறது ஆப்பிள். ஆனால் உங்கள் போனின் பாஸ்கோடு தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தால்? 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'லொகேஷன் சர்வீசஸ்', அதன் அடிமட்டத்தில் 'சிஸ்டம் சர்வீசஸ்' என்று மூன்று அறை தாண்டிப் போனால் இது கிடைக்கும். அணைத்துவிட்டு 'க்ளியர் ஹிஸ்டரி'யையும் தட்ட வேண்டும். அணைப்பதோடு திரும்பி வந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அப்புறம், ஐபோனில் கூகுள் மேப்ஸ் போட்டிருந்தால் மேலே சொன்ன கூகுள் கதை முழுவதும் அதற்கும் பொருந்தும்.

ஆப்களுக்குக் கொடுக்கும் 'எப்போதும்'

டார்ச் லைட், நாள்காட்டி, தொழுகை நேரம், பஞ்சாங்கம், விளையாட்டு என்று எதை இறக்கினாலும் லொகேஷன் கேட்கும். அவசரத்தில் 'அலோ' கொடுத்துவிடுகிறோம். செட்டிங்ஸில் லொகேஷன் அனுமதிப் பட்டியலைத் திறந்து, 'எப்போதும் அனுமதி' என்ற தலைப்பின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அங்கே இருக்க வேண்டியவை மிகச் சில. டாக்ஸி ஆப்புக்குக்கூட 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். வானிலைக்கு உங்கள் தெருவும் வீட்டு எண்ணும் எதற்கு? துல்லியமான இருப்பிடத்தை மறுத்துத் தோராயமானதை மட்டும் தரும் வசதி ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 12ஆம் பதிப்பு முதலும் இருக்கிறது.

"பெயர் இல்லாமல்தானே எடுக்கிறார்கள்" என்ற சமாதானமும் நிற்காது. 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டிலும் காலை பத்து மணிக்கு உங்கள் அலுவலகத்திலும் இருக்கும் ஆள் உலகத்தில் எத்தனை பேர்?

ஆப்பை நீக்கிவிட்டால் அது சேர்த்ததும் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. போனில் இருந்த ஆப் போகும், அவர்கள் சர்வரில் இருப்பது இருக்கும். நீக்குவதற்கு முன் ஆப்புக்குள் சென்று கணக்கை அழிக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஆண்ட்ராய்டில், விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணப் பயன்படுத்தும் 'விளம்பர அடையாள எண்'ணை அழித்துவிடுங்கள். ஐபோனில் ஆப்கள் பின்தொடர அனுமதி கேட்பதையே மொத்தமாக நிறுத்தி வைக்கலாம்.

"நான் என்ன தப்பா செய்கிறேன், எனக்கென்ன பயம்" என்பவர்களுக்கு ஒரு சம்பவம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரத்தில் ஒருவர் சைக்கிள் ஓட்டுவதை உடற்பயிற்சி ஆப்பில் பதிவு செய்து வந்தார். அதற்காக ஆன் செய்திருந்த லொகேஷன் கூகுளுக்கும் போய்க்கொண்டிருந்தது. 2019இல் ஒருநாள் ஒரே வீட்டை மூன்று முறை கடந்து போயிருக்கிறார், அது அவர் வழக்கமாகச் சுற்றும் பாதை. அன்று அந்த வீட்டில் திருட்டு. அந்த இடத்தில் இருந்த போன்களின் விவரத்தைப் போலீஸ் கூகுளிடம் கேட்டது. சைக்கிள்காரர் சந்தேகத்துக்கு உள்ளாகி, வக்கீல் வைத்துத்தான் மீள வேண்டியிருந்தது.

படங்களை மறந்துவிடுகிறோம்

கேமராவில் லொகேஷன் ஆன் ஆகி இருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்படும். 2012 டிசம்பரில், போலீஸால் தேடப்பட்டு வந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்துக்குள் இருந்த இந்தக் குறிப்பால்தான் வெளிப்பட்டது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு நீங்கிவிடும். ஆனால் "தெளிவு குறையாமல் வேண்டும்" என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் இடக்குறிப்பும் கூடவே போகும். பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கேமராவில் இன்று அணைத்தாலும், ஏற்கெனவே எடுத்த படங்களில் இருப்பது இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அழிப்பதே ஆபத்தாகும் சமயம்

லைவ் லொகேஷன் பகிர்வில் வாட்ஸ்அப் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. கூகுள் மேப்ஸில் 'நானே நிறுத்தும் வரை' என்றும் கொடுக்கலாம். எப்போதோ ஒரு ராத்திரிப் பயணத்துக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடமாக ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள ஒருவர் மிரட்டிக் கண்காணிக்கும் நிலையில் இருக்கும் பெண்கள், இதைப் படித்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைப்பது சரியல்ல. திரையில் நீங்கள் திடீரென்று மறைந்தால் அது எதிராளிக்குத் தகவல்தான். உங்கள் கூகுள் கணக்கு அவர் போனிலும் திறந்திருந்தால், நீங்கள் மாற்றும் அமைப்புகளைப் பற்றிய அறிவிப்பு அவருக்கும் போகலாம். சாட்சியாகப் பயன்படக்கூடிய பதிவுகளும் அழிந்துபோகலாம். முதலில் நம்பிக்கையான வேறொருவரின் போனிலிருந்து உதவி கேளுங்கள். இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181. கணக்கில் எந்தெந்தக் கருவிகள் நுழைந்திருக்கின்றன என்பதைப் பார்த்து, பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். அணைப்பது, அழிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

பலிக்காத மந்திரங்கள்

இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன், இணையத்தில் உங்கள் போனுக்கு உள்ள எண்ணான ஐபி முகவரியை மட்டும் மறைக்கும், ஜிபிஎஸ்ஸை அல்ல. பிரவுசரின் இன்காக்னிட்டோ முறை, நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாற்றை உங்கள் போனில் சேர்க்காது, அவ்வளவுதான். வைஃபையை அணைத்தாலும் ஆண்ட்ராய்டில் 'வைஃபை ஸ்கேனிங்' தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்து ரவுட்டர்களை வைத்தே இடத்தைக் கணிக்க முடியும் என்பதால், அதையும் புளூடூத் ஸ்கேனிங்கையும் லொகேஷன் அமைப்புகளில் போய் அணைக்க வேண்டும். சிம் நிறுவனத்தின் டவர் பதிவு நம் கையில் இல்லை. இந்தியாவில், எந்த டவர் வழியாகப் பேசினோம் என்பதும் அடங்கிய அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி மாறியது. அதை எந்த பட்டனும் அழிக்காது.

ஒரேயடியாக அணைப்பவர்கள்

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிட்டுப் பேருந்தில் போனைத் தொலைத்தால், அதைக் கண்டுபிடிக்கும் வசதி கைகொடுக்காது. போனின் லொகேஷனை ஆன் செய்தே வைத்து, ஆப்களின் அனுமதியை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் என் வழி.

பத்து வருடப் பயண நினைவுகளை டைம்லைனில் வைத்திருப்பவர்கள், அழிக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அமைப்புகளுக்குள் டைம்லைனை ஏற்றுமதி செய்யும் வழி இருக்கிறது. 2025 மார்ச்சில் ஒரு தொழில்நுட்பக் கோளாறால் சிலருடைய டைம்லைன் தானாகவே அழிந்துபோனது. பேக்கப் வைத்திராதவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

இத்தனையும் செய்து முடித்து, மூன்று மாதம் கழித்து நான் சும்மா டைம்லைனைத் திறந்து பார்த்தேன். ஆன் ஆகியிருந்தது. யாரும் சதி செய்யவில்லை. ஏதோ ஒரு நாள் வழி தேடும் அவசரத்தில் மேப்ஸ் "டர்ன் ஆன்?" என்று கேட்டிருக்கிறது, சிக்னல் விழுவதற்குள் நானே தட்டியிருக்கிறேன். இப்போது மாதம் முதல் தேதி, கரண்ட் பில் பார்க்கும்போது அதையும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.