ஸ்னோமொபைல் ஸ்கிட் பார்ட்ஸ் கண்டபடி தேயுதா? பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க

கனடால ஒன்டாரியோவுல சட்பரி பக்கம் ஸ்னோமொபைல் (பனியில ஓடற வண்டி) ஓட்டறேன். ஸ்கிட்னா வண்டிக்கு அடியில ட்ராக்கை, அதாவது பனியில உருளற ரப்பர் பெல்ட்டை, தாங்கற சஸ்பென்ஷன். ஒரு வருஷம் வலது பக்க ஸ்லைடரை மட்டும் ஒரே சீசன்ல ரெண்டு தடவை மாத்தினேன், மட்டமான பிளாஸ்டிக்னு திட்டிக்கிட்டே. கடைசில பாத்தா ட்ராக்கை ஒரு பக்கமா இழுத்து வச்சிருந்தது நானேதான். அதனால தேஞ்ச பார்ட்டைக் கழட்டினதும் குப்பைல போடாம, துடைச்சு, இடது வலதுன்னு மார்க்கர்ல எழுதி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, தேஞ்ச இடமே யார் மேல தப்புன்னு சொல்லிடும்.

ஸ்லைடர்னா ரயிலுக்கு (ஸ்கிட்டோட ரெண்டு பக்கமும் நீளமா ஓடற சட்டம்) அடியில செருகியிருக்கற பிளாஸ்டிக் பட்டை, நிறைய பேர் ஹைஃபாக்ஸ்னு சொல்லுவாங்க. இதுக்கு கிரீஸெல்லாம் கிடையாது, ட்ராக் வாரிக்கிட்டு வர்ற பனிதான் வழுக்க வைக்குது, சூட்டையும் தணிக்குது. மார்ச்ல பகல்ல உருகி ராத்திரி உறைஞ்ச ட்ரெயில்லயோ, காத்து பனியைத் துடைச்சுட்டுப் போன ஏரி ஐஸ்லயோ விரட்டினா உருகிடும். தடவிப் பாருங்க, ஓரத்துல மெழுகு வழிஞ்ச மாதிரி மடிப்பு இருக்கும், ட்ராக் கிளிப்லயும் (ஸ்லைடர் உரசற, ட்ராக்ல இருக்கற உலோகத் துண்டு) பிளாஸ்டிக் பிசிறு ஒட்டியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா செட்டிங்கை நோண்டாதீங்க, பனி பத்தல அவ்ளோதான், ஸ்க்ராட்சர் (ஐஸைக் கீறி ஸ்லைடர் மேல பனித்தூள் தெறிக்க வைக்கற கம்பி) மாட்டுங்க.

ஒரு பக்கம் மட்டும் தேஞ்சா ட்ராக் அலைன்மென்ட்தான், அதாவது ட்ராக் நடுவுல ஓடல. பின்பக்கத்தை ஸ்டாண்ட்ல ஏத்தி, ட்ராக்கை மெதுவா சுத்த விட்டு, எஞ்சினை நிறுத்தி, ட்ராக் தானா நின்னதுக்கப்புறம் ரயிலுக்கும் கிளிப்புக்கும் நடுவுல இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க (சுத்தும்போது பின்னாடி யாரும் நிக்கக் கூடாது, ட்ராக்ல பிடிப்புக்குப் போடற ஸ்டட் ஆணி பிச்சுக்கிட்டு வந்தா புல்லட் மாதிரி). ட்ராக் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்க அட்ஜஸ்டர் போல்ட்டை (ட்ராக்கை இறுக்கற போல்ட்) கால் திருப்பு இறுக்கிட்டு மறுபடி சுத்தி விடுங்க, அவசரப்பட்டு முழு திருப்பு போட்டா எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் ட்ராக் டென்ஷனையும் (இறுக்கத்தை) பாக்கணும், எவ்ளோ எடை தொங்கவிட்டா ட்ராக் எவ்ளோ தொங்கணும்னு உங்க மாடல் மேனுவல்லயே இருக்கும். அலைன்மென்ட் சரியா இருந்தும் ஒரு பக்கமே தேயுதுன்னா ரயில் வளைஞ்சிருக்கான்னு நேரா ஒரு பட்டையை வச்சுப் பாருங்க.

ஸ்லைடர் முன் வளைவுல மட்டும் தேஞ்சிருந்தா ஸ்கிட்டோட முன்பக்கத்துல பாரம் அதிகம், நடு ஷாக் ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கியிருப்பீங்க, இல்ல லிமிட்டர் ஸ்ட்ராப்பை (ஸ்கிட்டோட முன்பக்கம் ரொம்பக் கீழ இறங்காம பிடிச்சு வைக்கற பட்டை) அளவுக்கு மேல தளர்த்தியிருப்பீங்க. ஸ்ட்ராப்ல போல்ட் ஓட்டை நீளமாகி நூல் பிரிஞ்சா யோசிக்காம மாத்திடுங்க.

ஐட்லர் வீலை (ட்ராக்குக்கு உள்பக்கம் அதோட சேந்து உருளற சின்ன சக்கரம்) ஒவ்வொண்ணா கையால சுத்தி காதை வச்சுக் கேளுங்க. கரகரன்னா பேரிங் போச்சு. பேரிங்கை மூடியிருக்கற சீல் ஓரமா துருத்தண்ணி கோடு இருந்தா பெரும்பாலும் பிரஷர் வாஷரை நேரா சீல் மேல அடிச்சதோட பலன்தான், பேரிங்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்ல. நிறைய வீல்ல 6205 நம்பர் பேரிங் வரும், பழசு மேல இருக்கற நம்பரைப் பாத்து வாங்குங்க.

எல்லாரும் கோட்டை விடற இடம் முன் ஆர்ம், பின் ஆர்ம் புஷ். ஆர்ம்னா ஸ்கிட்டை வண்டியோட இணைக்கற கை, புஷ்னா அது ஷாஃப்ட் மேல அசையற இடத்துல இருக்கற உருளை. பின் பம்பரைப் பிடிச்சு லேசா தூக்கித் தூக்கி விடுங்க, ஸ்பிரிங் அசையறதுக்கு முன்னாடியே டக்குனு ஒரு சத்தம் வந்தா பிளே (தேஞ்சு போன ஆட்டம்) இருக்கு. கழட்டிப் பாத்தா புஷ் ஓட்டை வட்டமா இல்லாம முட்டை மாதிரி ஆகியிருக்கும், ஷாஃப்ட்ல நகம் மாட்டற அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்த ஷாஃப்ட்லயே புது புஷ்ஷைப் போட்டா அதையும் அது தின்னுடும், ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். ஆர்ம்ல இருக்கற கிரீஸ் நிப்பிள்ல கிரீஸ் அடிக்கும்போது பழைய அழுக்கு கிரீஸ் வெளிய பிதுங்கி வர்ற வரைக்கும் அடிங்க, வரவே இல்லன்னா வழி அடைச்சிருக்கு, கழட்டித்தான் சுத்தம் பண்ணணும்.

முட்டை மாதிரி ஆன ஓட்டை ஒரு பக்கம் மட்டும் பெருசா இருந்தா டார்ஷன் ஸ்பிரிங் கேமை (பின்பக்க முறுக்கு ஸ்பிரிங்கோட விறைப்பை மாத்தற, நம்பர் போட்ட கட்டை) பாருங்க, இடது ரெண்டாம் நம்பர்லயும் வலது மூணாம் நம்பர்லயும் இருந்தா ஆர்ம் எப்பவும் முறுக்கிக்கிட்டேதான் ஓடும். திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி ரயில்ல ஆர்ம் போல்ட் இருக்கற இடத்தையும் துணியால துடைச்சுப் பாருங்க, சுத்தி கருப்பா மசி மாதிரி இழுவியிருந்தா அந்த போல்ட் லூஸா ஆடிக்கிட்டிருந்திருக்கு, அங்க விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு மாட்டுங்க.