"இது ஆர்ர கதை?"

மட்டக்களப்பில் ஒரு சிறுகதைத் தொகுதி வந்தால் முதலில் கிளம்பும் கேள்வி, "இது ஆர்ர (யாருடைய) கதை?" என்பதுதான். எழுதியவர் அடுத்த தெருக்காரர். கதையில் வரும் குடிகார மாஸ்டரை ஊருக்குள் தேடிப் பிடிக்கும் ஆசை யாருக்கும் வரும். ஆளைப் பிடித்ததும் வாசிப்பு அதோடு சரி. அந்த மாஸ்டர் சம்பள நாளில் மட்டும் ஏன் குடிக்காமல் வீடு வருகிறார் என்று எழுத்தாளர் மெனக்கெட்டுப் போட்ட முடிச்சு கண்ணில் படாது. புனைகதை வாசிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான் என்பேன்.

அடுத்தது மண்வாசனை மயக்கம். வாவி, பாடுமீன், கல்லடிப் பாலம் மூன்றும் வந்துவிட்டால் 'நம்மட மண்ணின் கதை' என்று கைதட்டிவிடுகிறோம். அதே கதையில் கச்சான் வீசி நாள்கணக்கில் மழை கொட்டினாலும் கவனிப்பதில்லை. கச்சான் உடம்பைக் காய வைக்கும் காற்று. இங்கே மாரி மழை வாடைக்காற்றோடுதான் வரும். எழுதியவருக்கு ஊர் தெரியுமா என்பதை இப்படியான இடங்களில் பாருங்கள்.

கவிதைக்கு வந்தால், எல்லாரையும் ஒரே மாதிரி வாசிப்பதுதான் சிக்கல். நீலாவணனும் சோலைக்கிளியும் கல்முனைப் பக்கத்துக் கவிஞர்கள்தான். ஆனால் நீலாவணனை வாய்விட்டு வாசிக்க வேண்டும். 1975இல் அவர் மறைந்த பிறகு நூலாக வந்த 'வேளாண்மை' காவியத்தைக் கண்ணால் மட்டும் ஓட்டினால் யாப்பு தெரியும், அதற்குள் இருக்கும் பேச்சோசை கேட்காது. சோலைக்கிளியிடம் ஓசையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அவரிடம் படிமம் விசித்திரமாக வந்து நிற்கும். 'இது எதைக் குறிக்கிறது?' என்று உடனே கேட்காமல் அந்தக் காட்சியை அப்படியே கொஞ்ச நேரம் பாருங்கள்.

தன்வரலாற்றில் ஒரு திகதி பிழைத்தால் முழுப் புத்தகத்தையும் பொய் என்று தள்ளுபவர்கள் உண்டு. அச்சில் வந்ததெல்லாம் சரித்திரம் என்று நம்புபவர்களும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளியை எட்டு வயதில் கண்ட ஒருவர் ஐம்பதில் எழுதுகிறார் என்று வையுங்கள். கூரை பறந்த சத்தமும் அம்மாவின் பிடியும் அவருடையவை. அன்றிரவு பெரியவர்கள் பேசியதாக வரும் நீண்ட உரையாடல் பின்னால் கேட்டதும் கற்பித்ததும் கலந்ததாக இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. போர்க்கால நினைவுகளுக்கு இது இன்னும் பொருந்தும்: எழுதியவர் அப்போது எந்தப் பக்கம் நின்றார், எந்த வருடங்களை ஒரே பந்தியில் தாண்டிப் போகிறார் என்று பாருங்கள். பிறகு, மற்றப் பக்கம் நின்ற ஒருவரின் புத்தகத்தையும் எடுங்கள்.

அப்புறம் அணிந்துரை. கதையின் முடிவை அதிலேயே அவிழ்த்துவிடும் பெரியவர்கள் நம்மிடம் நிறைய. கடைசியில் வாசியுங்கள், வெளியீட்டு விழா உரைகளுக்கும் அதே இடம்தான்.