மீந்த சோற்றையும் குழம்பையும் சூடாக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், விடியுமுன்பே சமைத்து முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவோர் பலர் உண்டு. மாலையில் அதையே சூடாக்கிச் சாப்பிடுவதில் தவறில்லை; ஆனால் எப்படிச் சூடாக்குவது என்பதற்கு முன், அதுவரை அந்த உணவு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சமைத்த சோற்றிலும் 'பேசிலஸ் சீரியஸ்' என்னும் கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கக்கூடும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சோறு நெடுநேரம் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. எனவே, சுவிட்சை அணைத்துவிட்டுச் சோற்றை ரைஸ் குக்கரிலேயே மாலைவரை விட்டுவைக்கக் கூடாது. கிளம்புவதற்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஆழமில்லாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இளஞ்சூடு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரமே கெடு, 32 டிகிரியைத் தாண்டும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான்.

சூடாக்குவதற்கு ஆவியே சிறந்தது என்பது என் கருத்து. இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதித்ததும், சோற்றை எவர்சில்வர் கிண்ணத்தில் தளர்வாகப் பரப்பி, லேசாக நீர் தெளித்து மூடினால், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலே பருக்கை மிருதுவாகிவிடும். ரைஸ் குக்கரின் 'வார்ம்' நிலை சூட்டைக் காப்பதற்கே உரியது. குளிர்ந்த சோறு அதில் மெதுவாகத்தான் சூடேறும்.

குழம்பில் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, சிறிது தண்ணீர் விட்டுக் கிளறி, நடுப்பகுதியும் 75 டிகிரியை எட்டும்படி நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். தேங்காய்ப்பால் திரிந்துவிடுமே என்று வெதுவெதுப்பிலேயே இறக்கிவிடுவோர் உண்டு. திரிந்தால் கெடுவது பார்வைதான், உடம்பல்ல.

நுண்ணலை அடுப்பை ஒதுக்கத் தேவையில்லை. கடையில் 'தப்பாவ்' (பொட்டலம்) கட்டி வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பாவையோ நுரைப்பெட்டியையோ அப்படியே உள்ளே வைக்காமல், கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றி மூடி வைக்கவும். ஓரம் சுட்டு நடு குளிர்ந்திருப்பது அந்த அடுப்பின் இயல்பாதலால், பாதியில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் விட்டு எடுக்கவும். அவித்த முட்டையை முழுசாக வைத்தால் வெடிக்கும்.

பொரித்த மீனை மறுபடி எண்ணெயில் போடாமல், காய்ந்த தவாவில் மூடிபோட்டுத் திருப்பினாலே போதும். ஒருமுறை சூடாக்கியதில் மீந்ததை மீண்டும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.