தண்ணிக்குள்ள வீடியோ எடுக்குறப்போ கேமரா ஆடாம பிடிக்கிறது எப்படி?

நான் மொத மொதல்ல தண்ணிக்கடியில எடுத்த வீடியோவ பெரிய ஸ்க்ரீன்ல போட்டு பாத்தா, அதுல இருந்த ஆமை லிஃப்ட்ல ஏறி எறங்குற மாதிரி இருந்துச்சு. கை நடுங்கிருச்சு போலன்னு நெனச்சேன், அப்புறம் சவுண்ட வச்சு கேட்டாதான் தெரியுது, நான் மூச்ச இழுக்குறப்போ ஆமை கீழ போகுது, விடுறப்போ மேல வருது! நுரையீரல்ல காத்து நெறஞ்சா உடம்பே மெதக்கும், கேமராவும் கூடவே ஏறும். அதனால பிராக்டிஸ அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 1: கேமராவ கரையில வச்சுட்டு போங்க

ஸ்கூபா (முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிட்டு முங்குறது) பண்றவங்க மொதல்ல மெதப்ப சரி பண்ணுங்க. ஒரு பாறைய குறி வச்சுக்கிட்டு, கைய கால ஆட்டாம அதே உயரத்துல ஒரு நிமிஷம் நிக்க முடியுதான்னு பாருங்க. முடியலன்னா வெயிட் கூடுதலா கட்டிருக்கீங்களான்னு இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேளுங்க. இது வராம எவ்ளோ காஸ்ட்லி கேமரா வாங்குனாலும் பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 2: மூச்சு

ஆடக்கூடாதுன்னு மூச்ச அடக்கிடாதீங்க, ஸ்கூபால அது ரொம்ப ஆபத்து. மூச்ச பிடிச்சுக்கிட்டு ஒன்னு ரெண்டு மீட்டர் மேல வந்தாலே உள்ள இருக்குற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழியலாம். அதுக்கு பதிலா அளவா இழுத்துட்டு, மெதுவா நீளமா விடுங்க, அப்படி விட ஆரம்பிக்கிறப்போ உடம்பு கொஞ்ச நேரம் அசையாம நிக்கும் பாருங்க, நல்ல ஷாட் எல்லாம் அங்கதான் கெடைக்கும்.

ஸ்நார்கெல்ல, அதாவது வாயில குழாய் வச்சு மூச்சு விட்டுக்கிட்டு, மேலாக்க மெதந்துக்கிட்டே எடுத்தா அலை ஆட்டத்தான் செய்யும். மூச்ச பிடிச்சு ரெண்டு மீட்டர் முங்கி எடுத்தா வித்தியாசம் தெரியும், ஆனா தனியா முங்காதீங்க, கூட ஒருத்தர் பாத்துட்டு இருக்கணும்.

ஸ்டெப் 3: பிடி

ஆக்‌ஷன் கேமராவ ஒத்தக் கையில பிடிச்சா லேசா இருக்குறதாலயே மணிக்கட்டு திரும்புற பக்கமெல்லாம் திரும்பும். ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச டிரே ஒன்னு மாட்டுங்க, முழங்கைய விலாவோட ஒட்டி வைங்க. டிரே இல்லையா, கழுத்துல ஒரு வார் போட்டு கேமராவ முன்னாடி தள்ளி வார் விறைப்பா நிக்கிற மாதிரி பிடிங்க, பாதி ஆட்டம் அதுலயே அடங்கிரும்.

லைட்டெல்லாம் மாட்டுன செட்டுன்னா கீழ இழுக்கும், அத தூக்கிப் பிடிச்சே கை வலிச்சு நடுங்க ஆரம்பிக்கும். மெதவை மாட்டி, கைய விட்டா அது பாட்டுக்கு அங்கேயே நிக்கிற அளவுக்கு கொண்டு வாங்க.

ஸ்டெப் 4: ஜூம் வேணாம், கிட்ட போங்க

தட்டையான கண்ணாடி வழியா பாத்தா தண்ணிக்குள்ள எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும், ஆட்டமும் சேந்துதான் பெருசாகும். அதுக்கு மேல ஜூம் வேற பண்ணா கேக்கவே வேணாம். லென்ஸ வைடுல வச்சுட்டு, மீன் பயப்படாத அளவுக்கு மெதுவா நெருங்குங்க.

ஸ்டெப் 5: செட்டிங்

செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல எடுத்து 30ல ஓட விட்டா வேகம் பாதியாகும், சின்ன ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்த கேமராவே கொறைக்கிற வசதி) ஆன்ல இருக்கட்டும், ஆனா அது ஓரத்த கொஞ்சம் வெட்டிரும், இருட்டான எடத்துல படம் கொழகொழன்னு ஆகும், அங்க ஆஃப் பண்ணிருங்க.

ஸ்டெப் 6: தண்ணி தள்ளுனா

அலையடி உங்கள முன்னயும் பின்னயும் தள்ளும்போது எதுத்து நீச்சல் அடிக்காதீங்க. மீனும் அதோடதான் ஆடுது, நீங்களும் கூடவே ஆடுனா ஃப்ரேம்ல அது நின்ன எடத்துலயே நிக்கும். ஸ்டெடியா நிக்க பவளத்த பிடிக்கவே கூடாது, அது உயிரோட இருக்குறது, நம்ம கை பட்டாலே சேதமாகும்.

ஒவ்வொரு ஷாட்டையும் பத்து செகண்டாவது ஓட விடுங்க. ஹவுசிங் (தண்ணி போகாம கேமராவ மூடுற பெட்டி) பட்டன் கொஞ்சம் டைட்டா இருக்கும்ல, அழுத்துறப்போ கேமரா ஒரு பக்கம் சாயும், அந்த மொத ரெண்டு செகண்டையும் கடைசி ரெண்டு செகண்டையும் எடிட்ல வெட்டிக்கலாம்.