கன்று போட்ட மாட்டின் கருப்பை: கொடி விழுவதிலிருந்து அடுத்த சினை ஊசி வரை

கன்று போட்டு நாலு மாசம் ஆகியும் மாடு பருவத்துக்கு வரவில்லை, வந்தாலும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுச் சினை நிற்கவில்லை என்கிற கட்டுத்தறிகளில், கோளாறு பல நேரம் முதல் 10 நாளிலேயே தொடங்கியிருக்கும். அந்த 10 நாளில் பார்க்க வேண்டியவை கொடி (நஞ்சுக்கொடி), வாடை, காய்ச்சல், தீனி.

கொடி விழுந்த பிறகுதான் பால் கறக்க வேண்டும் என்று நம் பக்கம் இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள். இது கன்றுக்கும் கேடு, மாட்டுக்கும் கேடு. கன்று மடியை முட்டி ஊட்டும்போதுதான் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்குகிறது. கொடியைத் தள்ளுவதே அந்தச் சுருக்கம்தான். கன்று எழுந்து நின்றதும் சீம்பால் குடிக்க விடுங்கள். மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நாட்டுச்சர்க்கரையும் ஒரு பிடி உப்பும் கலந்து, குடிக்கிற அளவுக்குக் காட்டுங்கள்.

சாதாரணமாக 8 மணி நேரத்துக்குள் கொடி விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவருக்குச் சொல்லிவிடுவது நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் கொடி தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவத்தில் சொல்லும் முறை இது: கன்று போட்ட 2 மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி, 8 மணி நேரமாகியும் விழாவிட்டால் ஒன்றரை கிலோ வெண்டைக்காயை வெல்லம், உப்போடு தின்னக் கொடுப்பது. 12 மணி நேரத்துக்கு மேல் தொங்கினால், பிறப்புறுப்புக்கு அருகே கொடியில் ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு 2 அங்குலம் கீழே வெட்டி விட்டுவிட வேண்டும். மண்ணிலும் சாணியிலும் புரளாமல் இருக்கவே இந்த வெட்டு. செய்யும்போது கையுறை கட்டாயம்.

கல்லையோ பழைய செருப்பையோ கொடியில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கையை விட்டு இழுக்கவும் விடாதீர்கள், இழுப்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. கருப்பையின் உள்சுவரில் பொத்தான் போன்ற மேடுகளில்தான் கொடி பற்றியிருக்கும். இழுத்தால் அந்த மேடுகள் கிழிந்து ரத்தம் கசியும், துண்டுகள் உள்ளேயே தங்கி அழுகும், கையோடு போன கிருமியும் சேரும். இழுக்காமல் விட்டால் அது தானாக இற்று, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடும். அதுவரை காய்ச்சல் வராமல் கவனிப்பதுதான் வேலை. ஆக்ஸிடோசின் ஊசியும் கன்று போட்ட ஓரிரு நாளுக்குள்தான் கேட்கும். பிறகு போட்டால் வீண்.

விழுந்த கொடியை மாடு தின்ன விடாதீர்கள். சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். கருச்சிதைவு நோய் உள்ள மாடாக இருந்தால் காக்கையும் நாயும் அதை ஊரெல்லாம் பரப்பும், மனிதருக்கும் தொற்றும். குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி. சந்தையில் சினையாக வாங்கிவந்த மாடு என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

அடுத்து காய்ச்சல். தினமும் விடியற்காலையில், வெயில் ஏறும் முன், ஆசனவாயில் தெர்மாமீட்டரைச் சுவரோடு ஒட்டினாற்போல் 2 நிமிடம் வையுங்கள். சாணிக்குள் குத்தினால் அளவு தப்பும். சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. 103-ஐத் தாண்டி, தீனி குறைந்து, பாலும் இறங்கினால் அன்றே மருத்துவரை அழையுங்கள், அல்லது 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரண்டு வாரம் வரை செம்பழுப்பாக அழுக்கு போவது இயல்புதான், அதில் வாடை இருக்காது. தண்ணியாக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு வந்தால் கருப்பை அழற்சி. காய்ச்சல் இருக்கும்போது கருப்பைக்குள் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லாதீர்கள். அழற்சியில் சுவர் மெலிந்து கிழியும் நிலையில் இருக்கும். ஊசிமருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை முழுக்கப் போட வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். மருந்து பாலில் கலந்து வரும் கெடு முடியும்வரை பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

3 வாரத்துக்குப் பிறகும் வெள்ளையாகச் சீழ் வந்தால் அது வேறு சங்கதி. காய்ச்சல் இருக்காது, மாடு நன்றாகத் தின்னும், பாலும் கறக்கும். அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. படுத்து எழுந்த இடத்தையும் வால் ரோமத்தையும் பாருங்கள், காய்ந்து ஒட்டியிருக்கும். சில மாடுகளில் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்கி, பருவமே வராது; சினை நின்றுவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கைவிட்டுப் பார்த்தோ ஸ்கேன் வைத்தோதான் தெரியும்.

கொடி தங்குவதற்கு கடினப் பிரசவம், இரட்டைக் கன்று, கருச்சிதைவு, கால்சியம் குறைவு எல்லாம் காரணம். வைகாசிக்கு முன் பச்சையே இல்லாமல் சோளத்தட்டில் மட்டும் கிடக்கும் மாட்டுக்கு வைட்டமின் ஈ-யும் குறையும். கோ-4 புல், வேலிமசால் என்று ஏதாவது பசுந்தீவனம் தினம் கொஞ்சம் விழட்டும். கடைசி 3 வாரம் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். எலும்பிலிருந்து தானே எடுக்கும் பழக்கத்தை உடம்பு விட்டுவிட, கன்று போட்டதும் பால் காய்ச்சலில் (கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) விழும்.

கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப 40 முதல் 45 நாள் ஆகும். சினை ஊசியை 60 நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தில் வழியும் கோழை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் போடலாம். கலங்கியிருந்தாலோ வெள்ளைத் திப்பிகள் தெரிந்தாலோ அந்தப் பருவத்தை விட்டுவிட்டு, மருத்துவரிடம் காட்டி, அடுத்த 21-ஆம் நாளைக் கணக்கிடுங்கள்.