வேட்டைக்காரர்கள் நிரப்பும் உண்டியலில் நாமும் போடலாம்

எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, ஆசையும் இல்லை. ஆனாலும் வருடாவருடம் ஒரு டக் ஸ்டாம்ப், அதாவது அமெரிக்க மத்திய அரசு வாத்து வேட்டைக்காக விற்கும் அனுமதி ஸ்டாம்ப், வாங்கிவிடுவேன். அமெரிக்காவில் பைனாகுலரோடு பறவை பார்க்கக் கிளம்பும் நம் ஆட்கள் எல்லோரும் இதை வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

விலை 25 டாலர். 16 வயது நிரம்பியவர்கள் வாத்து வேட்டைக்குப் போக இது கட்டாயம், மற்றவர்கள் விரும்பினால் வாங்கலாம். 1934இல் முதல் ஸ்டாம்ப் 1 டாலருக்கு வந்தது. வறட்சியில் நீர்நிலைகள் வற்றி வாத்துகள் அருகிக்கொண்டிருந்த காலம் அது. கார்ட்டூனிஸ்ட் 'டிங்' டார்லிங் அந்த முதல் ஸ்டாம்புக்குப் படம் வரைந்தார். வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், நீர்ப்பறவைகளுக்கான நிலத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கர் நிலம் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

தபால் நிலையங்களில் கிடைக்கும். எல்லாக் கிளைகளிலும் இருக்காது, அதனால் போன் செய்துவிட்டுப் போங்கள். வேட்டைச் சாமான் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் வாங்கலாம். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை செல்லும் என்பதால் ஜூலையிலேயே வாங்கினால் முழு வருடமும் பயன்படும். வேட்டைக்குப் போகிறவர்கள் தாள் ஸ்டாம்பின் மேல் மையால் கையெழுத்துப் போட வேண்டும்.

நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் இதைக் காட்டினால் இலவசம். டெலவேரில் உள்ள பாம்பே ஹூக்குக்கு இலையுதிர் காலத்தில் போய்ப் பாருங்கள், உவர் சதுப்பில் பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். தேசியப் பூங்காக்களில் மட்டும் இந்த ஸ்டாம்ப் செல்லாது.

சரி, வேட்டைக்காரர்களின் மற்ற காசு எங்கே போகிறது? 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வரி. தயாரிப்பாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலிப்பதால் கடை ரசீதில் அது தனியாகத் தெரியாது. இந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. பொதுவாக ஒரு திட்டத்தின் செலவில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும், மீதியை மாநிலம் போட வேண்டும். அந்தக் கால் பங்கு பெரும்பாலும் வேட்டை லைசென்ஸ் கட்டணத்திலிருந்தே வருகிறது. அந்தக் கட்டணத்தை மாநிலம் வேறு வேலைக்குத் திருப்பினால் மத்தியப் பணமே நின்றுவிடும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வேட்டையாடப்படாத பறவைகளுக்கும் விலங்குகளுக்கும்கூட இந்தப் பணத்தைச் செலவிடலாம்.

மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது பரப்பளவு ஒரு பாதி, காசு கொடுத்து லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கை மறு பாதி. அதனால் உங்களுக்கு வேட்டைக்குப் போகும் நண்பர் இருந்தால், துப்பாக்கியைத் தொடாத வருடத்திலும் லைசென்ஸ் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மாநில வருமான வரிப் படிவத்தையும் ஒருமுறை பாருங்கள். கொலராடோ 1977இல் தொடங்கிவைத்தது, இப்போது பல மாநிலப் படிவங்களில் வனவிலங்கு நிதிக்கு நன்கொடை தர என்று தனி இடம் இருக்கிறது. அதில் தொகையை எழுதினால் உங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.